கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் வீட்டுப் பிள்ளை

என்னுடைய புரோட்டான் வீரா கார் ஒரு திங்கட்கிழமை காலையில், ஆணி போட்ட மைலோ டின்னை யாரோ குலுக்குகிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. ஸ்டார்ட் செய்ததும் டக்டக்டக். பிரேக்கை மிதித்தபடி டி-யில் போட்டால் சத்தம் மாறும், பாதி அடங்கும், என்-க்குத் திரும்பினால் மறுபடியும் டக்டக்டக். 2001-ல் பதிவான வண்டி, 1.5 ஆட்டோ, 4ஜி15 எஞ்சின், செலாயாங்கில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பெயரில் மட்டும்தான் வீரம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் பாகங்கள் எந்தச் சந்தில் நுழைந்தாலும் கிடைக்கும், ரோடு டாக்ஸ் மலிவு, ஏர்கான் குளிரும், எனக்கு அது போதும்.

வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். போர்மேன் பானெட்டைத் திறந்து பத்து விநாடி காது கொடுத்துவிட்டு, "கோன்ரோட் பேரிங் போச்சு பாஸ், எஞ்சின் முடிஞ்சது" என்றார். கோன்ரோட் என்றால் பிஸ்டனை, எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கிற கம்பி. ஹாஃப்கட் எஞ்சின் போட்டுவிடலாம், கூலியோடு 2,800 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு நாளில் வண்டி ரெடி. மலேசியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், ஹாஃப்கட் என்றால் ஜப்பானில் ஓடிய காரை நடுவில் அறுத்து, எஞ்சின் கியர்பாக்ஸ் இருக்கிற முன்பாதியை மட்டும் கப்பலில் இறக்குவது. இங்கே எத்தனையோ பழைய கார்களுக்கு அதுதான் மறுபிறவி. அதில் தப்பு ஒன்றுமில்லை, எஞ்சின் உண்மையிலேயே போயிருந்தால்.

நான் மெக்கானிக் இல்லை. ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் கணக்குப் பார்க்கிறேன். எஞ்சின் ஆயில் மாற்றுவேன், பிரேக் பேட் மாற்றுவேன், அதற்கு மேல் போனதில்லை. ஆனால் செந்தூலில் என் அம்மாவின் தம்பி இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் பஸ் பட்டறையில் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியவர், இப்போது வீட்டு வாசலில் பாகற்காய்ப் பந்தல் போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார், சும்மா இருக்கப் பிடிக்காமல் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். போனில் சொன்னதும், "போனை எஞ்சின் பக்கத்துல வை" என்றார். வைத்தேன். "பணத்தைக் கையில வச்சிக்கோ. சனிக்கிழமை வரேன்."

சனிக்கிழமை வந்தவர் முதலில் செய்தது, எஞ்சின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாக ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடுங்கிப் பார்த்தது. கோன்ரோட் சத்தம் என்றால், அந்தச் சிலிண்டரில் தீ இல்லாதபோது பிஸ்டன் மேல் விழுகிற அடி குறையும், சத்தமும் கூடவே குறைய வேண்டும் அல்லது மாற வேண்டும். நான்கையும் பிடுங்கிப் பார்த்தாயிற்று, எஞ்சின் உதறியதே தவிர டக்டக் அதுபாட்டுக்கு டக்டக். அப்புறம் ஒரு முழ நீள ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சின் பிளாக்கில் வைத்து, பிடியை என் காதில் அழுத்தினார். சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. முனையை பெல் ஹவுசிங்குக்கு, அதாவது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற அந்தக் கூண்டுக்கு நகர்த்தினார். உள்ளே ஆள் உட்கார்ந்து தச்சு வேலை செய்கிற மாதிரி இருந்தது.

"ஃபிளெக்ஸ் பிளேட்டு கிராக் விட்டிருக்கு மருமவனே. கியர் பொட்டியைப் பிரிக்கணும்."

இது என்ன பிளேட் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பாதித் தகராறு இதைப் புரிந்துகொள்ளாததால்தான் வருகிறது. மேனுவல் வண்டியில் எஞ்சினின் பின்னால் கனமான ஃபிளைவீல், அதன் மேல் கிளட்ச், கியர்பாக்ஸின் ஷாஃப்ட் அதற்குள் நுழைந்து நிற்கும். பெல் ஹவுசிங் போல்ட்டுகளை எடுத்துவிட்டால் கியர்பாக்ஸை நேராக இழுக்கலாம். ஆட்டோவில் கிளட்ச் இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் என்கிற, பூசணிக்காய் மாதிரி, உள்ளே எண்ணெய் நிரம்பிய ஓர் இரும்பு உருண்டை. அதன் பின்பக்கம் கியர்பாக்ஸுக்குள் போய் ஆயில் பம்பைச் சுற்றுகிறது. முன்பக்கம் ஃபிளெக்ஸ் பிளேட் என்கிற மெல்லிய இரும்புத் தட்டில் போல்ட் போட்டுப் பூட்டியிருக்கிறது, அந்தத் தட்டு எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டில். ஆக, ஆட்டோவில் வெளியே தெரிகிற போல்ட்டுகள் தவிர, கூண்டுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு கட்டு இருக்கிறது. அதை அவிழ்க்காமல் இழுத்தால் கன்வெர்ட்டர் எஞ்சின் பக்கமே நின்றுவிடும், கியர்பாக்ஸ் மட்டும் கழன்று வரும், வரும்போது முன்பக்க ஆயில் சீலைக் கிழித்து, தூக்கிப் பிடித்த கோணம் கொஞ்சம் தப்பினால் பம்பையும் கெடுத்து எண்ணெயை வாசல் முழுக்கக் கொட்டிவிட்டு வரும்.

மாமா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் வீட்டுப் பிள்ளை. எஞ்சின் வீட்டுல சும்மா கட்டிப் போட்டிருக்கு. கட்டை அவுத்து, அது சொந்த வீட்டுக்குப் போயிடுச்சான்னு பாத்துட்டுத்தான் இழுக்கணும்."

நாங்கள் வேலை செய்தது என் தரை வீட்டின் கார் நிறுத்துகிற இடத்தில், கோலாலம்பூர் வெயிலில், சாயங்காலம் நாலு மணிக்குத் தவறாமல் வருகிற இடி மழைக்குப் பயந்துகொண்டு. முன்பக்கத்தை நன்றாகவே தூக்க வேண்டும், ஏனென்றால் கியர்பாக்ஸ் பக்கவாட்டில் நகர்ந்து கீழ்வழியாகத்தான் வெளியேறும், பம்பருக்கும் தரைக்கும் நடுவே அது நுழைய இடம் வேண்டும். நான்கு ஜாக் ஸ்டாண்ட், வாடகைக்கு எடுத்தது. செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் அடுக்குகிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு, அது எச்சரிக்காமல் உடையும், தயவுசெய்து வேண்டாம். கியர்பாக்ஸ் கழன்றால் எஞ்சின் ஒரு பக்கம் தொங்கும், அதனால் மேலே இரண்டு ஃபெண்டர் ஓரத்திலும் உட்கார்கிற எஞ்சின் சப்போர்ட் பார் ஒன்றை மாமா பழைய நண்பரிடம் கேட்டு வாங்கி வந்தார். செயின் பிளாக்கை போர்ச் உத்தரத்தில் மாட்டிவிடலாமே என்று கேட்டேன். "இது உங்கப்பன் கட்டின வீடா, டெவலப்பர் கட்டின வீடா?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் கம்பி. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நேராக பேட்டரியில் இருந்து தடித்த வயர் வருகிறது, ஸ்பானர் அதையும் பாடியையும் ஒரே நேரத்தில் தொட்டால் வெல்டிங்தான். பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாம் போனபின் கியர்பாக்ஸ் மேலிருந்து தெரிந்தது. வயர் சாக்கெட்டுகளைக் கழற்றுமுன் போனில் படம் எடுத்தேன், நல்ல வேளை, ஏனென்றால் ஒரே மாதிரி இரண்டு சாக்கெட் இருந்தது. கியர் கேபிள், ஸ்பீடோ வயர், அடியில் வடிகால் போல்ட்டைத் திறந்து ஏடிஎஃப், அதாவது ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெய், வடித்தல். வந்த எண்ணெய் பழுப்பாக இருந்தது, கருகிய வாடை இல்லை. அதைக் கண்டு மாமா திருப்தியானார், கருகியிருந்தால் கியர்பாக்ஸுக்குள்ளேயும் ஒரு செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

ரேடியேட்டரின் அடியில் இருந்து வருகிற இரண்டு ரப்பர் ஹோஸ் ஏடிஎஃப் கூலருக்கானது. அவற்றைக் கழற்றியவுடன் இரண்டு முனையையும் அடைத்துவிட வேண்டும். ஒரு துளி மண் உள்ளே போனால் அது கியர்பாக்ஸுக்குள் எண்ணெயை வழிநடத்துகிற வால்வ் பாடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பேச்சோடு பேச்சாக, அந்த எண்ணெய் என்றாவது சிராப் பண்டோங் மாதிரி ரோஸ் நிறத்தில் பாலாக இருந்தால், ரேடியேட்டர் உள்ளே ஓட்டையாகித் தண்ணீரும் ஏடிஎஃப்பும் கலந்துவிட்டது என்று பொருள், வண்டியை மேலே ஓட்டாதீர்கள்.

டிரைவ் ஷாஃப்ட் இரண்டும் வெளியே வரவேண்டும். சக்கரத்து நட், கீழ் பால் ஜாயிண்ட், பிறகு உள்முனையை கியர்பாக்ஸில் இருந்து நெம்பினால் உள்ளே இருக்கிற வளையம் விட்டு 'டப்' என்று வரும். எண்ணெய் வடித்துவிட்டோமே என்று நான் அடியில் படுத்திருந்தேன், ஷாஃப்ட்டின் பின்னாலேயே அரை லிட்டர் என் கழுத்தில் இறங்கியது. வடிகால் வழியாக எல்லாம் வராது. ஓட்டையைத் துணியில் சுற்றிய பிளாஸ்டிக் கோப்பையால் அடைத்தோம். மேற்கொண்டு இங்கே சொல்ல ஒன்றுமில்லை, வேர்வையும் துருவும்தான்.

கன்வெர்ட்டர் போல்ட்டுகள்தான் பொறுமை கேட்கிற இடம். பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு தகர மூடி, அதைக் கழற்றினால் ஃபிளெக்ஸ் பிளேட்டின் ஒரு துண்டு மட்டும் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு போல்ட்தான் அந்த ஜன்னலுக்கு வரும். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டில் சாக்கெட் போட்டு, இறுக்குகிற திசையில் மட்டும் சுற்றச் சொன்னார். எதிர்த்திசையில் சுற்றினால் புல்லி போல்ட்டே கழலக்கூடும். நான் மேலே சுற்ற, மாமா கீழே கழற்ற, அடுத்தது வர, மறுபடி சுற்ற. சில வண்டிகளில் மூன்று போல்ட், சிலவற்றில் நான்கு, சிலவற்றில் ஆறு. அதனால் முதல் போல்ட் இடத்தில் வெள்ளை பெயிண்ட்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், புள்ளி திரும்ப வந்தால் ஒரு சுற்று முடிந்தது. கன்வெர்ட்டரிலும் அதே இடத்தில் ஒரு புள்ளி, திரும்ப மாட்டும்போது அதே ஜோடி சேரும். கழற்றிய போல்ட்டை வேறொன்றுடன் கலக்கக்கூடாது. அளவு கூடிய போல்ட்டை அங்கே போட்டால் அது கன்வெர்ட்டரின் தோலைக் குத்தி உள்ளே கிள்ளும்.

எல்லாம் எடுத்ததும் மாமா அந்த ஜன்னல் வழியாக ஒரு தட்டையான ஸ்குரூடிரைவரை விட்டு கன்வெர்ட்டரை கியர்பாக்ஸ் பக்கமாகத் தள்ளினார். வரவில்லை. அதன் மூக்கு கிராங்க் ஷாஃப்ட்டின் நடுக்குழியில் உட்கார்ந்திருக்கும், வருடக்கணக்கில் துரு பிடித்திருந்தது. டபிள்யூடி-40 அடித்துவிட்டு தே தாரிக் குடிக்கப் போனோம், வந்து ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று சுற்றிச் சுற்றித் தள்ளியதில் 'நங்' என்று பின்னால் போனது. இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினேன், தனியாகச் சுற்றியது. பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது.

இனி பெல் ஹவுசிங் போல்ட்டுகள். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், சில ஸ்டார்ட்டரையும் பிடிக்கின்றன, சிலது ஏதாவது பிராக்கெட்டையும். அட்டைப்பெட்டி மூடியில் கூண்டின் படம் வரைந்து, கழற்றிய இடத்திலேயே போல்ட்டைக் குத்தி வைத்தேன். இந்த வேலையில் நானாக யோசித்துச் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். கீழே ஜாக்கை கியர்பாக்ஸுக்கு முட்டுக் கொடுத்து, மவுண்டிங்கும் கீழ் மெம்பரும் கழற்றி, எல்லாம் ஆயிற்று என்று நினைத்து இழுத்தால், மேல்பக்கம் ஒரு விரல் இடைவெளி விட்டது, கீழ்ப்பக்கம் அசையவே இல்லை.

நான் கடப்பாரை மாதிரி ஒரு கம்பியைத் தேடினேன். மாமா கையை நீட்டித் தடுத்தார். "வரலைன்னா இன்னும் ஏதோ பிடிச்சிருக்கு. பலத்தைக் காட்டாத, டார்ச்சைக் காட்டு."

டார்ச் அடித்து, இருபது வருட எண்ணெய் மண்ணை ஸ்குரூடிரைவரால் சுரண்டிக்கொண்டு போனதில், எஞ்சின் பக்கத்தில் இருந்து கியர்பாக்ஸை நோக்கித் தலைகீழாகப் போட்ட ஒரு போல்ட் கிடைத்தது. மற்றவை எல்லாம் கியர்பாக்ஸ் பக்கமிருந்து போகின்றன, இது மட்டும் எதிரே. நாங்கள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அந்தக் கம்பியால் நான் நெம்பியிருந்தால் அலுமினியக் காது பிளந்திருக்கும், அதற்கு ஒட்டு வேலையெல்லாம் கிடையாது, கூண்டையே மாற்ற வேண்டியதுதான்.

அதை எடுத்தபின்னும் ஒரு மூலை ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே மாமா ரப்பர் மரத்தில் சீவிய இரண்டு ஆப்புகளைக் கொடுத்து, எதிரெதிரே வைத்து மாற்றி மாற்றித் தட்டச் சொன்னார். இரும்பு ஸ்குரூடிரைவரை இடுக்கில் செருகினால் அலுமினிய முகத்தில் பிசிறு எழும்பும், பிறகு அந்த இரண்டு முகமும் ஒன்றோடொன்று படிந்து உட்காராது. தட்டத் தட்ட ஒரு மயிரளவு, அப்புறம் ஒரு நெல்லளவு, அப்புறம் ஒரே நொடியில் எல்லாம் விட்டுவிட்டது. கியர்பாக்ஸ் ஜாக் மேல் முன்பக்கமாகச் சாய்ந்தது, கன்வெர்ட்டர் கூண்டில் இருந்து வழுக்கிக்கொண்டு பாதி வெளியே வந்தது. நான் இரண்டு கையாலும் கியர்பாக்ஸைப் பிடித்திருந்தேன், அதன் எடை என் எடைக்குக் குறையாது, இருவர் கையால் தூக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாமா படுத்தபடியே முழங்காலால் கன்வெர்ட்டரை அணைத்து நிறுத்தினார். செருப்பு, சாரம், சிமெண்டுத் தரை எல்லாம் ஏடிஎஃப். அப்படியே, "சைக்கிள் டியூப் எடு" என்றார், கோபமே இல்லாமல். டியூபைக் கூண்டின் குறுக்கே இழுத்துக் கட்டி கன்வெர்ட்டரைச் சிறை வைத்தோம். பிரிப்பதற்கு முன்பே ஆள் பக்கத்தில் டியூபும் கையுமாக இருந்திருக்க வேண்டும், இது எங்கள் தப்பு. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, எட்டிப் பார்த்து, யாருக்கும் அடி இல்லை என்று தெரிந்ததும் ஒரு தட்டு பீசாங் கோரேங் (வாழைப்பழ பஜ்ஜி) கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எண்ணெய்க் கையோடு சாப்பிட்டோம்.

ஃபிளெக்ஸ் பிளேட்டில் கிராங்க் போல்ட்டுகளைச் சுற்றி முக்கால் வட்டத்துக்கு வெடிப்பு. கால் வட்டம்தான் எஞ்சினின் மொத்த பலத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கையில் வைத்து வியந்துகொண்டிருக்கும்போது மாமா எஞ்சினின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "டவல் எங்கடா?" என்றார். உள்ளே போய்ப் புதுத் துண்டு ஒன்று எடுத்து வந்தேன். அவர் என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் கேட்டது டவல் பின். எஞ்சின் முகத்தில் இரண்டு இடத்தில் விரல் மொத்தத்துக்குக் குட்டையான இரும்புக் குழாய்த் துண்டு துருத்திக்கொண்டிருக்கும், கியர்பாக்ஸ் முகத்தில் அதற்கேற்ற குழிகள். போல்ட்டுகள் இறுக்க மட்டும்தான் செய்யும், ஏனென்றால் போல்ட் ஓட்டையில் எப்போதும் கொஞ்சம் இளக்கம் உண்டு. நடுவோடு நடு சேர்த்து நிறுத்துவது அந்த இரண்டு பின்கள்தான். எங்கள் வண்டியில் ஒன்று துருவில் இறுகி இருந்தது, இரண்டாவது இடத்தில் வெறும் ஓட்டை. எனக்கு முன்னால் யாரோ ஒருவர் இந்தக் கியர்பாக்ஸைப் பிரித்திருக்கிறார், மாட்டும்போது பின்னைப் போடாமல் விட்டிருக்கிறார். கியர்பாக்ஸ் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு விலகி உட்கார்ந்திருக்கிறது. கன்வெர்ட்டரின் ஒரு முனை எஞ்சினின் நடுவில், மறுமுனை பம்பின் நடுவில், இரண்டு நடுவும் ஒரே கோட்டில் இல்லை, அந்தப் பேதத்தை ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து கொடுத்துச் சமாளித்தது அந்தத் தட்டு. 3,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3,000 தடவை, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் 90,000 தடவை. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிற அதே கதை.

ஆக பிளேட்டை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த வருடம் இதே சத்தம் வந்திருக்கும். அந்தப் பட்டறையில் ஹாஃப்கட் எஞ்சின் மாற்றியிருந்தாலும், பின் இல்லாததை யாரும் கவனிக்காவிட்டால், அதுவும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கெடாய் பொத்தோங்கில், அதாவது பழைய கார்களைப் பிரித்துப் பாகம் விற்கிற கடையில், பழைய பிளேட் 80 வெள்ளிக்கு வாங்கினோம். மாமா அதை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினார். முதல் பிளேட் 'தொப்' என்றது, அடுத்தது கோயில் சேகண்டி மாதிரி நீளமாக ஒலித்தது, அதைத்தான் எடுத்தார். ஸ்டார்ட்டர் கடிக்கிற பற்களை முழுவட்டமும் பார்த்தார். டவல் பின்னும் அங்கேயே ஒரு பழைய எஞ்சினில் இருந்து பிடுங்கிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. இவ்வளவு தூரம் பிரித்தபின் மாற்றாமல் விடக்கூடாத இரண்டு, எஞ்சினின் பின்பக்கக் கிராங்க் சீலும் கியர்பாக்ஸின் முன்பக்க பம்ப் சீலும். மலிவான ரப்பர் வளையங்கள், ஆனால் அவை ஒழுகினால் மறுபடி இதே இரண்டு நாள். டிரைவ் ஷாஃப்ட் சீல்களையும் சேர்த்துப் புதிதாகவே வாங்கினோம்.

மாட்டுவது பிரிப்பதைவிடக் கஷ்டம், அதுவும் ஓர் இடத்தில்தான். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது, அதை முதலில் மாட்டாமல் ஃபிளெக்ஸ் பிளேட்டை இறுக்கிவிட்டு நான் அசடு வழிந்தேன், திரும்பக் கழற்றினோம். பிளேட் போல்ட்டுகளுக்கு லாக் பசை, எதிரெதிராக, டார்க் ரென்ச்சில். சரி, அது கிடக்கட்டும். கன்வெர்ட்டருக்கு வருவோம்.

அதன் கழுத்து கியர்பாக்ஸுக்குள் மூன்று இடத்தில் கவ்வ வேண்டும். இரண்டு பல் வரிசை, கடைசியில் பம்பின் காது. நேராக அழுத்திப் பிரயோஜனமில்லை. சுற்றிக்கொண்டே தள்ள வேண்டும், ஒவ்வொன்றும் கவ்வும்போது 'டொக்' என்று ஒரு படி உள்ளே இறங்குவது கையில் தெரியும். இரண்டு டொக் கேட்டதும் முடிந்தது என்று நினைத்தேன். அதை அப்படியே ஜாக்கில் ஏற்றி எஞ்சினோடு சேர்த்தோம். சுற்றிலும் கிட்டத்தட்ட ஒரு விரல் இடைவெளி நின்றது. இரண்டு நீள போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி இறுக்கினால் இழுத்துக்கொள்ளுமே என்று ஸ்பானரை எடுத்தேன், மணிக்கட்டில் ஒரு அடி விழுந்தது. நிஜமாகவே அடி.

போல்ட்டால் இழுத்து மூடினால் கியர்பாக்ஸ் மூடிக்கொள்ளும்தான். ஆனால் கவ்வாத கன்வெர்ட்டர் பம்பின் காதைப் பின்னால் அமுக்கி உடைத்துவிடும், ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலேயே கியர்பாக்ஸ் போய்விடும். பலர் கியர்பாக்ஸை இழப்பது ஓட்டும்போது இல்லை, இந்த இடத்தில்தான். மறுபடி இறக்கினோம். இந்த முறை கூண்டை வானம் பார்க்க நிமிர்த்தி வைத்து, பம்ப் சீலில் ஏடிஎஃப் தடவி, கன்வெர்ட்டருக்குள்ளேயும் ஒரு லிட்டருக்குக் கிட்ட ஊற்றி, பம்ப் வறண்டு சுற்றக்கூடாது என்பதற்காக, மாமா தன் கையை என் கைமேல் வைத்துச் சுற்றினார். டொக். டொக். நீண்ட நேரம் ஒன்றுமில்லை, கொஞ்சம் தூக்கி, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி. டொக். இரும்பு ஸ்கேலைக் கூண்டின் வாயில் குறுக்கே வைத்து அளந்தபோது கன்வெர்ட்டர் முன்பைவிட ஒரு விரல் உள்ளே. அதே விரல்தான் வெளியே இடைவெளியாக நின்றது.

அதன்பின் கியர்பாக்ஸைக் கையாலேயே தள்ளினோம், இரண்டு டவல் பின்னும் குழிக்குள் போய் நான்கு பக்கமும் ஒட்டிக்கொண்டது, ஒரு போல்ட்கூட போடாமல். ஜன்னல் வழியாகக் கை விட்டுப் பார்த்தேன். கன்வெர்ட்டர் விரலுக்குச் சுற்றியது, பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் போல ஓர் இடைவெளி, கன்வெர்ட்டர் போல்ட்டை இறுக்கும்போது அது முன்னால் வந்து பிளேட்டில் உட்காரும். இடைவெளி துளியும் இல்லாமல் சேரும்போதே பிளேட்டை முட்டிக்கொண்டிருந்தால் எங்கோ தப்பு, நிறுத்துங்கள்.

மீதி எல்லாம் போன வழியே திரும்பி வந்தது. எண்ணெய் ஊற்றுவதில் ஒரு வார்த்தை. வடித்த அளவை ஊற்றி, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு பி-ஆர்-என்-டி எல்லாவற்றிலும் சில விநாடி நிறுத்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும், கன்வெர்ட்டரும் கூலரும் குடிக்கக் குடிக்க அளவு இறங்கும். கடைசி அளவு வண்டி சூடானபின், எஞ்சின் ஓடும்போதே. எங்கள் வண்டிக்கு என்-இல் வைத்துப் பார்க்கணும், பி-யில் பார்க்கிற வண்டிகளும் உண்டு, உங்கள் வண்டியின் புத்தகத்தைப் பாருங்கள். எண்ணெயும் அதில் சொன்ன வகைதான், கடைக்காரர் 'எல்லாத்துக்கும் போகும்' என்று நீட்டுவது வேண்டாம்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு பத்துமலை வரை ஓட்டிப்போய் வந்தோம். ரேடியோவை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, இருவரும் பேசாமல். டக்டக் இல்லை. எல்லாம் சேர்த்து 400 வெள்ளிக்குள், மாமாவின் இடுப்பு வலியையும் என் லீவையும் கணக்கில் எடுக்காமல். மறுபடி செய்வேனா என்றால், லிஃப்ட் இருக்கிற நல்ல பட்டறை கிடைத்தால் கூலி கொடுத்துவிடுவேன், ஆனால் இனி பக்கத்திலேயே நின்று பின் இரண்டும் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

அன்று சாயங்காலம் செலாயாங்காரருக்கு போன் செய்து, வண்டியின் கியர்பாக்ஸை எந்தப் பட்டறையில் இறக்கினீர்கள் என்று கேட்டேன். "கியர்பாக்ஸா? என்கிட்ட இருந்த வரைக்கும் அதை யாரும் தொடலையே தம்பி" என்றார், பொய் சொல்கிற குரலாகவும் இல்லை. மாமாவிடம் சொன்னேன். வெடித்த பிளேட்டைப் பழைய நாளிதழில் சுற்றி மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே, "அவருக்கு முன்னாடி யாரு வச்சிருந்தா?" என்றார்.